நாளைக்கு டீம்மேட் கல்யாணம், கத்தோலிக்க சர்ச்சுல. என்ன செய்யணும்? அவசரம்

புதுசா வந்தவ:
எல்லாருக்கும் வணக்கம். நான் இந்த நாட்டுக்கு வந்து ரெண்டு மாசம் கூட ஆகல. என் டீம்ல இருக்கிற பொண்ணுக்கு நாளைக்கு சர்ச்சுல கல்யாணம். வரேன்னு அப்பவே சொல்லிட்டேன், இப்போ நினைச்சா கை கால் உதறுது. சர்ச்சுக்குள்ள இதுவரைக்கும் போனதே இல்லங்க. எப்போ எழுந்திரிக்கணும், எப்போ மண்டி போடணும், அந்த அப்பம் குடுப்பாங்களே அதை வாங்கலன்னா மரியாதை இல்லையா? அவ மனசு நோகிற மாதிரி எதையாவது செஞ்சுடுவேனோன்னு பயமா இருக்கு. போகாம இருந்துடலாமா?

பழைய ஆளு:
போறதுக்கு வண்டி இருக்காம்மா? முதல்ல அதைப் பாருங்க. நான் வந்த புதுசுல லைசென்ஸ் எடுக்காம ஆறு மாசம் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும், லீவு நாள்ல பஸ் வரும் வரும்னு நின்னு நின்னு எத்தனை இடத்துக்கு லேட்டா போயிருக்கேன். அடுத்த மாசத்துக்குள்ள லைசென்ஸ் எடுத்துடுங்க.

ரெண்டு பிள்ளை அம்மா:
பட்டுப்புடவையே கட்டிட்டுப் போங்க, எல்லாரும் ஆசையா பார்ப்பாங்க. வெள்ளை, க்ரீம் மட்டும் வேண்டாம், அது பொண்ணோட கலர்.

நைட் ஷிப்ட்:
புடவை எல்லாம் வேண்டாங்க, எல்லார் கண்ணும் உங்க மேலதான் இருக்கும். தோள் மூடின மாதிரி சாதாரண டிரஸ் போதும். உங்களையாவது கூப்பிட்டாங்களே. நாலு வருஷமா ஒரே ஆபீஸ், பக்கத்து சீட்டுக்காரர் கல்யாணம் முடிஞ்சு வந்து போட்டோ காட்டுறார், அன்னிக்கு சாப்பாடே இறங்கல எனக்கு.

பழைய ஆளு:
அதைச் சொல்லுங்க தம்பி. திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும்தான் சிநேகிதம்.

ரெண்டு பிள்ளை அம்மா:
அப்பம் விஷயத்துல மட்டும் கவனம்மா. நான் வந்த வருஷம் இதே மாதிரி ஒரு கல்யாணத்துல எல்லாரும் வரிசையில போறாங்களேன்னு நானும் போயிட்டேன். ஃபாதர் கையில வெச்சார், வட்டமா, காகிதம் மாதிரி மெல்லிசா. வாயில போடலாமா வேண்டாமான்னு தெரியாம கைக்குட்டையில மடிச்சுக்கிட்டு இடத்துக்கு வந்துட்டேன். ஒரு பெரியவர் பின்னாலேயே வந்து குனிஞ்சு, அதை என்கிட்ட குடுத்துடுங்கம்மான்னு மெதுவா கேட்டார். திட்டல. ஆனா வாங்கும்போது அவர் கை நடுங்கிச்சு, அது இன்னும் என் கண்ணுலயே நிக்குது.

பூசைப் பாட்டுக்காரி:
நான் கத்தோலிக்கப் பொண்ணுதான், பாடகர் குழுவுல இருக்கேன், நிறைய கல்யாணத்துக்குப் பாடியிருக்கேன். அந்தப் பெரியவர் ஏன் பதறினார்னா, எங்களுக்கு அது வெறும் அப்பம் இல்லக்கா, யேசுவோட உடம்பேதான். அதை வாங்குறதை நாங்க நன்மை வாங்குறதுன்னு சொல்வோம், அது கத்தோலிக்கருக்கு மட்டும்தான். நீங்க உட்கார்ந்தே இருந்தா அதுதான் மரியாதை, யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. பக்கத்துல இருக்கிறவங்க வெளிய போக வழி மட்டும் விடுங்க. சில இடத்துல நெஞ்சுல கையைக் குறுக்கா வெச்சுக்கிட்டுப் போனா ஃபாதர் ஆசீர்வாதம் மட்டும் குடுப்பார், எல்லா ஊர்லயும் அந்த வழக்கம் இல்ல, அதனால உட்கார்ந்துக்கிறதே நல்லது.

மத்தபடி நடுவுல உட்காருங்க, முன்னாடி இருக்கிறவங்க எழுந்தா எழுந்திரிங்க, உட்கார்ந்தா உட்காருங்க. மண்டி போடுறது உங்களுக்குக் கட்டாயம் இல்ல. சமாதானம் சொல்ற நேரத்துல பக்கத்துல இருக்கிறவங்க கை நீட்டுவாங்க, சிரிச்சுக்கிட்டே கை குடுங்க. 1960கள்ல ரெண்டாம் வத்திக்கான் சங்கம்னு கத்தோலிக்க பிஷப்புகள் கூடின பெரிய கூட்டம் நடந்துச்சு, அதுக்கு அப்புறம் பூசை அந்தந்த ஊர் மொழியிலயே நடக்குது, பல கல்யாணத்துல சின்னப் புத்தகமும் குடுப்பாங்க, பார்த்துக்கிட்டே வரலாம். குருவும் 2 சாட்சிகளும் முன்னால நிக்க ரெண்டு பேரும் சம்மதம் சொல்வாங்க பாருங்க, கல்யாணமே அதுதான், அந்த நேரம் போனை உள்ள வெச்சிடுங்க. பூசையோட நடந்தா சுமார் 1 மணி நேரம் ஆகும். மாப்பிள்ளை ஞானஸ்நானம் வாங்காதவர்னா பூசை இல்லாம சீக்கிரமே முடியும், அப்போ இந்த நன்மைப் பேச்சே வராது. ஆமா, அழைப்புல உங்க பேர் மட்டுமா?

புதுசா வந்தவ:
என் பேர் மட்டும்தான். ஆனா வீட்டுக்காரரும் ஒன்றரை வயசுப் பாப்பாவும் வராங்க, கூட்டிட்டுப் போகலாம்ல?

பூசைப் பாட்டுக்காரி:
அக்கா, இதை முதல்லயே சொல்லியிருக்கணும்! சர்ச்சுக்கு யார் வேணா வரலாம். சாயங்கால விருந்துக்கு அப்படி இல்ல, தலை எண்ணி நாற்காலி போட்டிருப்பாங்க. இப்பவே அவங்களுக்கு ஒரு மெசேஜ் போடுங்க.

நைட் ஷிப்ட்:
கல்யாணப் பொண்ணு இன்னிக்கு மெசேஜ் பார்ப்பாங்களா? அவங்களுக்கு நெருக்கமான யாராவது டீம்ல இருந்தா அவங்களைக் கேளுங்க.

புதுசா வந்தவ:
கேட்டுட்டேன். சர்ச்சுக்கு மூணு பேரும் போறோம், விருந்துக்கு நான் மட்டும். பாப்பா அழுதா வெளிய தூக்கிட்டுப் போகணும், அதனால நடுவுல வேண்டாம், கடைசி பெஞ்சு ஓரமா உட்கார்ந்துக்கிறோம். நீலப் புடவைய இஸ்திரி போட்டு வெச்சாச்சு.