லண்டன் மேலாளருக்கு "ஹே" என்று எழுதலாமா?

புதுவரவு:
சென்னையில் வேலை பார்க்கிறேன். எங்கள் மேலாளர் இருப்பது லண்டனில். "ஹாய்" போட்டு, பெயர் சொல்லித்தான் எங்களுக்கு மின்னஞ்சல் எழுதுவார். குழுவில் சிலர் அவருக்கு "ஹே" என்று தொடங்கிப் பதில் அனுப்புகிறார்கள். மூத்தவர் ஒருவர் அது மரியாதை இல்லை என்கிறார். எது சரி?

ஓய்வுபெற்ற ஆசிரியை:
மூத்தவர் சொல்வதே சரி. "ஹே" என்பது ஆங்கிலத்தில் பல நூற்றாண்டுகளாகக் கூப்பாட்டுச் சொல். சுவரேறும் பிள்ளையை அதட்டவும் அதுதான். நேரில் சொன்னால் முகமும் குரலும் அதை மென்மையாக்கும். எழுத்தில் அந்த வசதி கிடையாது. டியர், ஹலோ, ஹாய் என்று மூன்று இருக்கும்போது நான்காவது எதற்கு?

டாலஸ்வாசி:
அம்மா, இதை நான் ஏற்க மாட்டேன். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் "ஹே" என்பது அன்றாட வணக்கம். வயதான பெண்மணிகளும் சொல்வார்கள். கூப்பாட்டில் பிறந்தது என்று தள்ளினால் ஹலோவையும் தள்ள வேண்டும். தொலைபேசி வந்த புதிதில் கிரகாம் பெல் விரும்பியது "அஹோய்", மாலுமிகளின் கூப்பாடு. "ஹலோ என்றால் பத்து, இருபது அடி தூரத்துக்குக் கேட்கும்" என்று எடிசன் 1877இல் கடிதம் எழுதினார். கேட்கும் தூரத்துக்காகப் பரிந்துரைக்கப்பட்ட சொல்லை இன்று மரியாதையானது என்கிறோம். ஹேவும் அப்படித்தான் மாறிவருகிறது.

ஓய்வுபெற்ற ஆசிரியை:
தம்பி, அவருடைய மேலாளர் டாலஸில் இல்லையே! மாறிவருகிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். முழுவதும் மாறாத சொல்லை, சம்பளம் நிர்ணயிப்பவரிடம் எதற்குச் சோதித்துப் பார்க்க வேண்டும்?

இங்கிலாந்துச் செவிலி:
மின்னஞ்சலைவிட நேரில் கூப்பிடுவதில்தான் நம்மவர்கள் அதிகம் சிக்குகிறார்கள். நம் ஊர் பஸ்ஸில் பையை மறந்து இறங்குபவரை "ஹலோ, ஹலோ" என்று கூப்பிட்டால் அது உதவி. இங்கே கடையில் முதுகு காட்டி நிற்கும் ஊழியரிடம் குரலை உயர்த்தி "ஹலோ?" என்றால், "காது கேட்கவில்லையா?" என்று கடிந்துகொண்டதாகவே எடுத்துக்கொள்வார். "எக்ஸ்க்யூஸ் மீ" போதும், அதுவும் தாழ்ந்த குரலில். "ஸாரி" என்று தொடங்குபவர்களும் நிறைய. முன்பின் தெரியாதவரை "ஓய்" என்று மட்டும் கூப்பிட வேண்டாம், சண்டைக்கு இழுப்பதாக ஆகிவிடும்.

இன்னொன்று. காலையில் சக ஊழியர் "ஆல்ரைட்?" என்று கேட்டபடி நடந்துபோவார். புதிதாக வந்த பிள்ளைகள் தங்கள் முகம் வாடியிருக்கிறதோ என்று பயந்து, தூக்கம் வராத கதையைச் சொல்லத் தொடங்குகிறார்கள். பாவம், அதற்குள் அவர் வார்டின் மறுகோடிக்குப் போயிருப்பார். "யா, யூ?" என்றால் முடிந்தது. இரவுப் பணிக்கு வந்ததும் "குட் நைட்" சொல்பவர்களும் உண்டு. அது விடைபெறும்போது சொல்வது. வரும்போது, மணி பத்தானாலும் "குட் ஈவினிங்"தான்.

டாலஸ்வாசி:
ஹலோ பற்றிச் சகோதரி சொன்னது இங்கேயும் பொருந்தும். ஆனால் ஹேவை நான் விட்டுக்கொடுக்கவில்லை. தினமும் பேசிப் பழகிய சக ஊழியருக்குப் பெயரோடு சேர்த்து "ஹே" என்று எழுதுவதில் ஒரு குறையும் இல்லை. பெயரில்லாமல் வெறும் "ஹே" மட்டும் அனுப்பிவிட்டு, அவர் பதில் சொல்லும்வரை விஷயத்தைச் சொல்லாமல் காத்திருப்பதுதான் எரிச்சலூட்டும்.

ஓய்வுபெற்ற ஆசிரியை:
சக ஊழியருக்கு எழுதுங்கள், நான் தடுக்கவில்லை. கேள்வி மேலாளரைப் பற்றியது. அவர் "ஹாய்" என்கிறார், பதிலும் "ஹாய்" என்றே போகட்டும்.

புதுவரவு:
அவருக்கு ஹாயே எழுதுகிறேன். குழு முழுவதற்கும் எழுதும்போது "ஹாய் கைஸ்" சரியா? பெண்களும் இருக்கிறார்கள்.

இங்கிலாந்துச் செவிலி:
பலர் பொதுவாகத்தான் சொல்கிறார்கள், ஆனால் அதை விரும்பாத பெண்களும் இருக்கிறார்கள். "ஹாய் ஆல்" என்று எழுதுங்கள்.

டாலஸ்வாசி:
"ஹாய் எவ்ரிஒன்" இன்னும் நன்றாக இருக்கும்.