வரைய உட்கார்ந்தபோது கண்ணில் பட்ட கட்டடங்கள்: உங்கள் அனுபவம்?

தஞ்சாவூர் பெரிய கோயிலைச் சின்ன வயதிலிருந்தே பார்க்கிறேன். ஸ்கெட்ச் புத்தகத்தோடு போனது போன மார்கழியில்தான். காலை வெயிலுக்கு ஒதுங்கி, வடபுறத்தில் நிழல் தேடி உட்கார்ந்தேன். கருவறைக்கு மேலே எழும் கோபுரமான விமானத்தின் நிழல்தான் அது. பத்தடி தள்ளி ஒரு வழிகாட்டி, "இதோட நிழல் தரையில விழவே விழாதுங்க" என்று ஒரு குடும்பத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் குடும்பமும் அதே நிழலில் நின்றுதான் கேட்டது!

எதிர்வெயிலில் சிற்பம் எதுவும் எடுபடவில்லை, வெளிவரி மட்டும்தான் தெரிந்தது. சரி, அதையே போடுவோம் என்று கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலை விமானத்தின் ஓரத்தோடு சேர்த்துப் பிடித்தேன். 13 நிலையும் பென்சிலை விட்டு விலகாமல் நேராக ஒடுங்கிக்கொண்டே போய், உச்சிக் குவிமாடத்துக்குக் கீழே உள்ள கழுத்தில் முடிகின்றன. இத்தனை வருஷம் அண்ணாந்து பார்த்தும் இது மனதில் பதிந்ததில்லை.

சூட்டோடு சூடாகக் கங்கைகொண்ட சோழபுரம் போனேன். ராஜராஜன் கோயில் முடிந்தது 1010இல். மகன் ராஜேந்திரன் கட்டிய இது சில பத்தாண்டுகளுக்குள் எழுந்தது. இங்கே அதே பென்சிலைப் பிடித்தால் நடுவில் இடைவெளி விழுகிறது, ஓரம் உள்வாங்கி வளைகிறது. தஞ்சை ஆண், இது பெண் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அந்தப் பேச்சு எனக்கு ஒப்பவில்லை. அந்த வளைவு எந்த நிலையில் தொடங்குகிறது என்று தேடிப் பாருங்கள், அதுதான் சுவாரசியம்.

வெளி உருவம் பிடிபட்ட பிறகு அதற்குள் இருக்கும் விவரங்களுக்குப் போகலாம். மூலைக்கு மூலை கர்ணகூடம் என்ற சதுரமான குட்டிக் கோயில் வடிவம், நடுவே சாலை என்ற நீளமான வடிவம், இடையிடையே பஞ்சரம் என்ற ஒடுக்கமான வடிவம். ஒவ்வொரு தளமும் குட்டிக் கோயில்களின் வரிசைதான். ஒரு தளத்தை ஒழுங்காகப் போட்டால் மேலே உள்ளவை அதே கணக்கில் சிறுத்துப் போவது புரியும்.

*

நான் கோயில் பக்கம் போகவில்லை, கானாடுகாத்தானில் ஒரு செட்டிநாட்டு வீடு. வாசலில் நின்றால் முகப்பு, வளவு என்ற முற்றம் வைத்த நடுப்பகுதி, இரண்டாம் கட்டு தாண்டிப் பின்கதவு வரை கதவு நிலைகள் ஒன்றுக்குள் ஒன்றாகத் தெரியும். தூண் வரிசை, உத்தரம், தரை விளிம்பு எல்லாம் என் கண்மட்டத்தில் ஒரே புள்ளிக்குப் போய்ச் சேர்ந்தன. அப்படியே படியில் உட்கார்ந்து இன்னொன்று போட்டேன். புள்ளியும் கூடவே இறங்கிவிட்டது, தரை ஒரு பட்டையாகச் சுருங்கிவிட்டது, மேற்கூரைதான் தாளில் பாதி. வளவு முற்றத்தை வெள்ளையாக விட்டுவிட்டு முன்னும் பின்னும் நன்றாக இருட்டடித்தேன், வீட்டின் நீளம் தானாக வந்துவிட்டது.

மேலே எழுதியவருக்கு ஒரு கேள்வி: எதிர்வெயில் படம் பேனாவா, பென்சிலா?

*

பேனாதாங்க. பென்சில் அளக்க மட்டும். அழிக்க வழியில்லை என்றால் கோடு போடும் முன் இன்னொரு தடவை நிமிர்ந்து பார்க்கிறேன்.