முதல் கிராம்பான் எதை வாங்குவது? நம்ம பக்கத்து மலையேறிகள் சொன்னவை (ஒவ்வொருவர் பேச்சுக்கும் மேலே அவர் ஊர்)

பாலக்கோடு

மணாலிக்கு மேலே ஃபிரண்ட்ஷிப் சிகரம், 5,289 மீட்டர். வருகிற மே மாதம் போகலாம் என்று நண்பர்கள் சிலர் பேசி வைத்திருக்கிறோம். இதுவரை ஏறியதெல்லாம் வத்தல்மலையும் ராயக்கோட்டையும்தான், பனியில் கால் வைத்ததே இல்லை. பெங்களூரில் ஒரு கடையில் கிராம்பான், அதாவது பனியில் வழுக்காமல் நடக்க பூட் அடியில் மாட்டும் முள் சட்டம், பார்த்தோம். பத்து முள், பன்னிரண்டு முள், வார் வைத்தது, கம்பி வைத்தது என்று எடுத்துப் போட்டார்கள். எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரிந்தது. இந்தப் பயணத்துக்கும் ஆக வேண்டும், பின்னால் இன்னும் பெரிய மலைக்குப் போனால் அதற்கும் ஆக வேண்டும். போய் வந்தவர்கள் உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்.

ஓசூர்

தம்பி, உங்கள் பூட் என்ன என்று முதலில் சொல்லுங்கள். அது தெரியாமல் கிராம்பானைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

நான் உத்தரகாசியில் நேரு மலையேற்ற நிறுவனத்தில் அடிப்படைப் பயிற்சி எடுத்தவன். அங்கே பூட், கிராம்பான் இரண்டையும் அவர்களே கொடுத்துவிடுவார்கள், அதனால் இந்தக் குழப்பமே வராது. பிறகு தனியாக ஒரு குழுவோடு போனபோதுதான் விஷயம் புரிந்தது. எங்களோடு வந்த ஒருவர் கடையிலேயே விலை கூடின ஜோடியை வாங்கி வந்திருந்தார். முன்னால் கம்பி, பின்னால் நெம்புகோல், மாட்டினால் டக்கென்று உட்காரும் வகை. பூட் மட்டும் வாடகை, அதுவும் மெத்தென்ற டிரெக்கிங் பூட். அடிவாரத்தில் நன்றாகத்தான் நின்றது. சரிவில் பக்கவாட்டாகக் கால் வைத்ததும் பூட் வளைந்தது, கம்பி நழுவியது, கிராம்பான் கணுக்காலில் தொங்கியது. ஐஸ் ஆக்ஸை (பனிக்கோடாரியை) ஊன்றிக்கொண்டதால் மனிதர் தப்பினார். அன்றைக்கு அவர் அதற்கு மேல் ஏறவில்லை.

மாட்டும் முறை மூன்று விதம். முழுக்க வாரால் கட்டுவது எந்த உறுதியான டிரெக்கிங் பூட்டிலும் நிற்கும். முன்னால் வார்க்கூடு, பின்னால் நெம்புகோல் என்று இருப்பதற்கு பூட்டின் குதிகாலில் ஒரு விளிம்பு வேண்டும், அடியும் ஓரளவு விறைப்பாக இருக்க வேண்டும். கம்பி வைத்ததற்கு முன்னாலும் பின்னாலும் விளிம்பு வேண்டும், பூட் கையால் வளைக்க முடியாத விறைப்பில் இருக்க வேண்டும். வாடகை பூட்டை நம்பிப் போகிறவர் வார் வகையே எடுக்கலாம். சொந்தமாக பூட் வாங்கப் போகிறீர்கள், அதில் குதிகால் விளிம்பும் இருக்கிறது என்றால் நடுவில் சொன்னது. பல மலைக்கு ஆகணும் என்று கேட்டீர்களே, அது முதலில் இந்தக் கட்டும் முறையைப் பொறுத்தது. முள் எத்தனை என்பது அப்புறம்தான்.

முள் விஷயத்துக்கு வருகிறேன். 1908 வாக்கில் எக்கென்ஸ்டைன் என்ற ஆங்கிலேயர் வரைந்து கொடுத்ததை வைத்து, இத்தாலியில் கூர்மாயூர் ஊர்க் கொல்லர் ஹென்றி கிரிவெல் அடித்துக் கொடுத்தது பத்து முள். எல்லாமே கீழ்நோக்கித்தான் இருந்தன. முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு முள்ளை 1929-இல் லோரான் கிரிவெல் சேர்த்த பிறகுதான் செங்குத்தான ஐஸில் பூட் நுனியால் குத்தி ஏற முடிந்தது. இன்றைய பத்து முள்ளில் அந்த முன் முள் இரண்டும் அடக்கம். ஃபிரண்ட்ஷிப் மாதிரியான சரிவுக்கு அது போதும். பின்னால் பெரிய மலை என்று ஆசை இருந்தால் பன்னிரண்டு எடுங்கள். கிரிவெல் கம்பெனியில் ஜி10, ஜி12. பெட்சல் கம்பெனி என்றால் இர்விஸ் பத்து, வாசக் பன்னிரண்டு. முன் முள் பட்டையாகப் படுத்திருக்கட்டும். கத்தி மாதிரி நிமிர்ந்து நிற்பது உறைந்த அருவி ஏறுகிறவர்களுக்கு. மெத்தென்ற பனியில் அது பிடிப்பில்லாமல் அறுத்துக்கொண்டு போகும்.

கடைக்கு பூட்டையும் கையோடு கொண்டுபோங்கள். அளவு சரி செய்து பூட்டில் பொருத்தி, வாரைக் கட்டாமலே தூக்கி உதறுங்கள். விழாமல் நிற்க வேண்டும். முன் முள் பூட் நுனியைத் தாண்டி ஓர் அங்குலம் போல வெளியே வர வேண்டும்.

பர்கூர்

நான் கிரானைட் பட்டறைக்காரன், மலைக்குப் போவது ஆசைக்கு. கூர் போடுவது பற்றி மட்டும் சொல்கிறேன். லடாக் போய் வந்த ஒருவர் மழுங்கிய கிராம்பானைக் கொண்டுவந்து, “அண்ணே, கிரைண்டர்ல ரெண்டு இழுப்பு இழுத்துக் குடுங்க” என்றார். முடியாது என்று சொல்லிவிட்டேன். கிரைண்டர் சூட்டில் முள் நீலம் பாய்ந்தால் எஃகின் பதம் போய்விடும், அப்புறம் வளையும் அல்லது முறியும். கை அரம்தான் சரி, முள்ளின் ஓரத்தில் மட்டும், மெதுவாக. ஊசி மாதிரி ஆக்க வேண்டியதில்லை.

இன்னொருவர் கொண்டுவந்தது அலுமினியம். எடை எஃகில் கிட்டத்தட்ட பாதிதான், தூக்கினால் ஆசையாக இருக்கும். ஆனால் பனியாற்று ஓரத்துக் கல்லும் சரளையும் நடந்து வந்ததில் முள் முனையெல்லாம் உருண்டுபோயிருந்தது. நம் மலைகளில் பனிக்கு முன்னால் கல்தான் வரும். முதல் ஜோடி எஃகாகவே இருக்கட்டும்.

கிருஷ்ணகிரி மலையில் போட்டுப் பழகலாமா என்று யாராவது கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். உங்கள் முள்ளும் போகும், கோட்டைப் பாறையிலும் கீறல் விழும்.

ஊத்தங்கரை

கடைக்காரர்கள் அவ்வளவாகச் சொல்லாத ஒன்று, கிராம்பானுக்கு அடியில் வரும் பிளாஸ்டிக் தகடு. எங்கள் குழுவில் வாடகைக்கு வந்த ஜோடிகளில் சிலவற்றில் அது இல்லை, கழன்று விழுந்திருக்கும். விடியற்காலையில் பனி இறுகிக் கிடந்தபோது எந்த வித்தியாசமும் தெரியவில்லை. வெயில் ஏறி இறங்கி வரும்போது ஆரம்பித்தது. மழைக்குப் பிறகு செம்மண் காட்டில் நடந்தால் செருப்பு அடியில் மண் அப்பிக்கொண்டு நாமே வளர்ந்துவிடுவோமே, அதே கதை. முள் முழுக்கப் பனிக்கட்டிக்குள் மறைந்துபோனால் கிராம்பான் போட்டும் போடாத மாதிரிதான். தகடு இல்லாதவர்கள் சில அடிக்கு ஒருமுறை நின்று ஐஸ் ஆக்ஸ் பிடியால் தட்டித் தட்டி இறங்கினார்கள். தகடு இருந்தவர்களுக்கும் ஒட்டியது, ஆனால் ஓர் உதறலில் போனது.

பேன்ட் விஷயமும் உண்டு. தொளதொள பேன்ட்டோடு வந்த ஒரு பெண்ணுக்கு ஒரு கால் முள் மறுகால் துணியில் மாட்டி, தட்டையான இடத்திலேயே குப்புற விழுந்தாள். கெய்ட்டர் (பூட்டுக்கு மேல் காலைச் சுற்றி இறுக்கும் உறை) போட்டு, கால்களைக் கொஞ்சம் அகட்டி நடந்தால் போதும். வார் மீதி நீளமாகத் தொங்கினால் அதையும் செருகிவிடுங்கள், அதுவும் மாட்டும்.

தருமபுரி

எனக்கு வேறு எண்ணம். முதல் மலைக்கே ஏன் வாங்க வேண்டும்? மணாலியில் வாடகைக்குக் கிடைக்கிறது. ஒரு சிகரம் போய்விட்டு, குளிரும் உயரமும் ஒத்துவரவில்லை என்று விட்டவர்கள் வீட்டுப் பரணில் தூங்கும் கிராம்பான்கள் எனக்குத் தெரியும். வாடகைக்கு எடுத்தால் வார் வெடித்திருக்கிறதா, முள் வளைந்திருக்கிறதா, இடது வலது இரண்டும் ஒரே வகையா, ஊத்தங்கரை அக்கா சொன்ன தகடு இருக்கிறதா என்று நின்று பாருங்கள். அடிவார முகாமுக்குப் போன பிறகு பார்த்து லாபமில்லை.

உத்தராகண்டில் கேதார்கந்தா மாதிரி டிரெக்கில் கொடுக்கும் மைக்ரோ ஸ்பைக்ஸ் போதாதா என்று என் தம்பி கேட்டான். அது ரப்பரில் கோத்த சங்கிலியும் சின்ன முள்ளும். மிதித்து இறுகிய பனிப்பாதைக்கு நல்லது. சிகரச் சரிவில் அதை நம்பக் கூடாது.

ஓசூர்

தருமபுரி அண்ணன் சொல்வது நியாயம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் சொந்த ஜோடி இருந்தால் வீட்டிலேயே தடித்த கையுறை போட்டுக்கொண்டு மாட்டிக் கழற்றிப் பழகலாம். இருட்டில், குளிரில், மூச்சு வாங்கும்போது அதைச் செய்ய வேண்டியிருக்கும். வாடகைக்கு எடுப்பவர் அந்தப் பழக்கத்தை முகாமில்தான் பெற முடியும். விமானத்தில் போகிறவர்கள் கைப்பையில் வைக்காதீர்கள், செக்-இன் பையில் போடுங்கள், முள்ளை உறையிட்டு.

பாலக்கோடு

அனைவருக்கும் நன்றி. பூட் வாங்குவதாக முடிவு செய்துவிட்டோம், குதிகால் விளிம்பு இருப்பதாகப் பார்த்து. நண்பன் ஒருவனுக்கு மட்டும் கால் அளவு 46 (ஐரோப்பிய எண்). அவனுக்கு எல்லா கிராம்பானும் பொருந்துமா?

ஓசூர்

முன் பாகத்தையும் பின் பாகத்தையும் இணைக்கும் பட்டையை முழுக்க இழுத்தும் சில ஜோடிகளில் 46 எட்டாது. நீளமான பட்டை தனியாகக் கிடைக்கும், ஆர்டர் போட்டால் வர நாளாகும். இப்போதே கேட்டு வைக்கச் சொல்லுங்கள்.