ஸ்ட்ரெஸ் டெஸ்ட் பாஸ், ஜிப் கோப்பு மட்டும் கெடுகிறது: எங்கே கோளாறு?

ஒளிப்பதிவன்:
வணக்கம் நண்பர்களே. கல்யாண ஆல்பம், வீடியோ எடிட்டிங் செய்யும் கணினி. ரெண்டர் ஓடும்போது பிராசஸர் சூடு 92 டிகிரியைத் தொட்டதால், போன மாதம் பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புப் பக்கம்), வோல்டேஜைக் குறைக்க உதவும் கர்வ் ஆப்டிமைசரை எல்லாக் கோருக்கும் (பிராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்) -30 வைத்தேன். சூடு 81க்கு இறங்கியது, ரெண்டரும் சீக்கிரம் முடிகிறது. பிராசஸரை வாட்டிச் சோதிக்கும் பிரைம்95 மென்பொருளை எட்டு மணி நேரம் ஓட்டியும் ஒரு பிழை இல்லை. ஆனால் பெரிய ஜிப்பை விரித்தால் சில நேரம் சிஆர்சி பிழை (கோப்பின் சரிபார்ப்பு எண் பொருந்தவில்லை என்கிறது). அதையே மறுபடி விரித்தால் சரியாக வருகிறது. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் நான்கு சுற்றும் சுத்தம். எஸ்எஸ்டியை மாற்றியும் பார்த்துவிட்டேன். இரண்டு கல்யாணம் இதற்குள் கிடக்கிறது, பயமாக இருக்கிறது.

பழையகணினி:
ரேம் எக்ஸ்எம்பியில் (வழக்கத்தைவிட வேகமாக ஓடவைக்கும் அமைப்பு) ஓடுகிறதா? அணைத்துவிட்டுப் பாருங்கள்.

ஒளிப்பதிவன்:
பார்த்தேன் அண்ணா, அப்படியேதான்.

மின்சுற்று:
தம்பி, எனக்கு அந்த -30 மேல்தான் சந்தேகம். பிரைம்95 எல்லாக் கோரையும் சேர்த்து வாட்டும்போது சூடும் மின்வரம்பும் தடுத்து, கடிகார வேகம் தானாக இறங்கிவிடும். அந்த வேகத்துக்குக் குறைந்த வோல்டேஜ் போதும். ஜிப் விரிப்பதோ பெரும்பாலும் ஒற்றைக் கோர் வேலை. அந்தக் கோர் உச்ச வேகத்துக்கு ஏறும். 5 கிகாஹெர்ட்ஸில் ஒரு துடிப்பு 0.2 நானோநொடிதான், அதற்குள் சிக்னல் வந்து சேர வேண்டும். வோல்டேஜ் குறைந்தால் டிரான்சிஸ்டர் மெதுவாகி சிக்னல் பிந்துகிறது, தப்பான மதிப்பு பதிவாகிறது. சூடு, திடீர் வோல்டேஜ் சரிவு, சில்லுக்கு வயதாவது எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் கம்பெனி கொஞ்சம் உபரி வோல்டேஜ் விடுகிறது. நீங்கள் வழித்தெடுத்தது அந்த உபரியை.

கணினி நின்றுபோனால்கூடப் பரவாயில்லை. நிற்காமல் தப்பு விடை தருவதுதான் கொடுமை. கம்பெனி வைத்த வோல்டேஜிலேயே இது நடக்கும். 2021-ல் பேஸ்புக் பொறியாளர்கள் ஒரு சர்வரைப் பற்றி எழுதினார்கள்: 1.1-இன் 53ஆம் அடுக்கை முழு எண்ணாக்கினால் 156 வர வேண்டும், 59ஆம் கோர் மட்டும் 0 என்றது. 52ஆம் அடுக்குக்கு 142 என்று சரியாகவே சொன்னது! அங்கேயும் விஷயம் வெளியே தெரிந்தது, சுருக்கிய கோப்புகளை விரிக்கும்போது சில காணாமல் போனதால்தான். நம் வீட்டுப் பிராசஸரில் கேஷுக்கு (உள்ளேயே இருக்கும் சிறு நினைவகம்) பிழைதிருத்தம் உண்டு. கணக்குப் போடும் சுற்றுக்குப் பொதுவாகக் கிடையாது. 1998-இல் வந்த ஐபிஎம் ஜி5 மெயின்பிரேமில் அந்தச் சுற்றையே இரட்டையாக வைத்து, இரண்டு விடையையும் ஒப்பிட்டார்கள். அதற்கு ஆகும் சிலிக்கான் விலையை மேசைக் கணினிக்கு யார் கொடுப்பார்கள்?

கோர்சைக்கிளர் என்ற சோதனை மென்பொருளை ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள், ஒவ்வொரு கோராகச் சோதிக்கும். அதுவரை கேமராவின் மெமரி கார்டுகளை அழிக்காதீர்கள்.

ஒளிப்பதிவன்:
3ஆம் கோர் 40 நிமிடத்தில் விழுந்தது அண்ணா, மற்றவை தாக்குப்பிடித்தன. அதை 0 ஆக்கி, மற்றவற்றை -15 வைத்தேன். சூடு 86. இரண்டு ராத்திரி ஓட்டியும் பிழை இல்லை.

மின்சுற்று:
நல்லது. அப்புறம், இந்த ஒரு மாதத்தில் விரித்த படங்களைக் கார்டில் இருப்பவற்றோடு எஸ்எச்ஏ-256 (கோப்பின் கைரேகை போன்ற எண்) போட்டு ஒப்பிடுங்கள்.

ஒளிப்பதிவன்:
ஒப்பிட்டேன். 3 ரா கோப்புகள் (கேமரா பதிந்த மூலப் படங்கள்) பொருந்தவில்லை. ஒன்று தாலி கட்டும் நேரத்துப் படம். கார்டில் பத்திரமாக இருந்தது, எடுத்துவிட்டேன்.