இடது கால் மட்டும் உள்ளே சாயுது: தினசரி ஓட எந்த ஷூ?

மண்டபம்_6கிமீ:
வணக்கம். வயது 34, எடை 78 கிலோ. வாரம் 4 நாள், நாளுக்கு 6 கி.மீ. மண்டபத்திலிருந்து உச்சிப்புளிப் பக்கமாகத் தார் ரோட்டில் விடியற்காலை ஓட்டம். எதிரே வரும் வண்டி தெரியட்டும் என்று போகவும் வரவும் ரோட்டின் வலது ஓரம்தான். ஈரக்காலைச் சிமெண்டுத் தரையில் வைத்தால் முழுப் பாதமும் பதிகிறது, நடுவில் வளைவே இல்லை. இப்போது போடுவது சாய்வைத் தடுக்க எதுவும் இல்லாத சாதாரண நியூட்ரல் ஷூ, வாங்கி 10 மாதம். மேசையில் வைத்துப் பின்னாலிருந்து பார்த்தால் இடது ஷூ உள்பக்கம் சாய்ந்து நிற்கிறது. 4 கி.மீ. தாண்டியதும் இடது முன்னங்கால் எலும்பின் உள்ஓரத்தில், கணுக்காலுக்கு மேலே, நாலு விரற்கடை நீளத்துக்கு வலி. வலது காலில் ஒன்றுமில்லை.

இது ஓவர்ப்ரொனேஷன், அதாவது பாதம் அளவுக்கு மீறி உள்ளே சாய்வதுதானா? அந்தச் சாய்வைத் தடுக்கும் ஸ்டெபிலிட்டி ஷூ வாங்கவா, இருக்கும் ஷூவிலேயே ஆர்ச் இன்சோல் (பாத வளைவைத் தாங்கும் உள்அட்டை) போட்டால் போதுமா? 10,000 ரூபாய் வரை செலவழிக்கலாம்.

பாம்பன்_லேஸ்:
அண்ணே, ஷூ பேரு சொல்றதுக்கு முன்னாடி ஒரு கணக்கு. வாரம் 24 கி.மீ., 10 மாசம்னா ஏறக்குறைய 1,000 கி.மீ. ஓடியாச்சு. தினசரி ஷூவோட மிட்சோல் பொதுவா 500-லிருந்து 800 கி.மீ.க்குள்ள செத்துரும். மேல துணி புதுசு மாதிரி இருக்கும், அடி ரப்பரும் தேஞ்சிருக்காது, நடுவுல இருக்குற ஃபோம் மட்டும் அமுங்கி எழும்பாம கிடக்கும். கால் உள்ள சாயச் சாய உள்பக்க ஃபோம் அமுங்கும், அமுங்கின ஃபோம் காலை இன்னும் உள்ள தள்ளும். அதுல இன்சோல் போடுறது சாய்ஞ்ச சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கிற கதைதான். அந்த ஜோடியை மார்க்கெட்டுக்குப் போக வச்சுக்கங்க.

ஈரக்கால் தடத்தை நம்பி முடிவு பண்ணாதீங்க. அது நிக்கும்போது உள்ள பாதத்தைத்தான் காட்டும், ஓடும்போது என்ன நடக்குதுன்னு காட்டாது. குதிகாலோட வெளி ஓரம் தேஞ்சிருந்தா அதுவும் கோளாறு இல்ல, முக்காவாசிப் பேருக்கு அங்கதான் முதல்ல படும். முன்பாதத்துல கட்டைவிரலுக்குக் கீழ உள் ஓரம் அதிகமாத் தேஞ்சிருக்கான்னு பாருங்க. அதவிட நல்லது வீடியோ. குதிகால் எலும்புக்குப் பின்னால நேரா ஒரு பேனாக்கோடு போட்டு, போனைத் தரையோட ஒட்டி வச்சு, ஸ்லோமோஷன்ல வெறுங்காலோட 20 மீட்டர் ஓடுங்க. முழு எடையும் ஒரு கால்ல இருக்குற நொடியில நிறுத்திப் பாருங்க. கோடு கொஞ்சம் உள்ள சாயணும், அதிர்ச்சியை வாங்குறதே அதுதான். கணுக்காலோட உள்முட்டு தரையைப் பாத்து விழுந்து, முழந்தாளும் கூடவே உள்ள போனா அதுதான் அதிகம்.

இப்ப ஷூ. முன்னாடியெல்லாம் ஸ்டெபிலிட்டி ஷூன்னா மிட்சோல் உள்பக்கம் சாம்பல் நிறத்துல ஒரு கெட்டி ஃபோம் துண்டு இருக்கும், அதைத்தான் மீடியல் போஸ்ட்டுன்னு சொல்றது. இப்ப நிறைய மாடல்ல அது கிடையாது. புரூக்ஸ் அட்ரினலின் 19-ஆவது வெர்ஷன்லயே அதை எடுத்துட்டு, குதிகாலுக்கு ரெண்டு பக்கமும் வேலி மாதிரி கைடுரெயில்ஸ் வச்சுட்டாங்க. 1993-ல இருந்து வர்ற ஆசிக்ஸ் கயானோவும் 2023-ல வந்த 30-ஆவது வெர்ஷன்ல அடிப்பாகத்தை அகலமாக்கி வேற வழிக்குப் போயிருச்சு. ஹோகா அராஹில 7-ஆவது வெர்ஷன் வரைக்கும் கெட்டி ஃபோம் ‘ஜே’ எழுத்து மாதிரி குதிகாலைச் சுத்தி உள்பக்கமா வந்துச்சு. சாக்கனி கைடு 17-ல ரெண்டு பக்கச் சுவரும் உயரம், பாதம் தொட்டிக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கும். உங்க பட்ஜெட்டுக்கு ஆசிக்ஸ் ஜிடி-1000, இல்லன்னா தள்ளுபடியில வர்ற போன வெர்ஷன் கைடு பாருங்க. தினம் 6 கி.மீ.க்குக் கயானோ எடுக்கணும்னு ஒண்ணும் கட்டாயம் இல்ல.

கடையில கையால பாக்குற சோதனைதான் முக்கியம். குதிகால் பின்சுவத்தைக் கட்டைவிரலால அமுக்குங்க, மடங்கிப் போனா வேண்டாம். ஒரு கையில நுனி, ஒரு கையில குதி பிடிச்சு ஈரத்துணி பிழியிற மாதிரி முறுக்குங்க, லேசா முறுகி நிக்கணும். மடக்குனா விரல் மடங்குற இடத்துல மடங்கணும், நடுவுல மடங்குனா வச்சுட்டு வந்துருங்க. கடைசியா மேசையில வச்சுப் பின்னாலருந்து பாருங்க, புது ஷூவே கோணலா நிக்கிறது உண்டு.

அளவு எடுக்க சாயந்திரம் போங்க, பாதம் அப்ப கொஞ்சம் பெருத்திருக்கும். நுனியில ஒரு கட்டைவிரல் அகலம் இடம் விடணும். தட்டைப் பாதம் உடம்பு எடையை அது மேல வச்சு நின்னா அகலமாகும், சுண்டுவிரல் துணியை முட்டிக்கிட்டு நின்னா 2இ-ங்கிற கூடுதல் அகலம் கேளுங்க. யுகே, யுஎஸ் நம்பர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஷூ நாக்குல போட்டுருக்குற செ.மீ. அளவைப் பாத்து வாங்குங்க. அப்புறம் அந்த ‘ஃபர்ஸ்ட் காப்பி’ போலி ஷூ பக்கம் தலைவச்சுப் படுக்காதீங்க. சாம்பல் துண்டு இருக்கும், நகத்தால அமுக்குனா ரெண்டு பக்கமும் ஒரே பதம். வெறும் நிறம்தான்.

பாதம்_பிசியோ:
ஷூ பற்றி மேலே சொன்னது சரி. ஆனால் கேள்வியிலேயே ஒரு விடை இருக்கிறது: வலி இடது காலில் மட்டும், ஓட்டம் எப்போதும் ரோட்டின் வலது ஓரத்தில்.

மழைத்தண்ணீர் வடிய ரோடு நடுவில் மேடாக, ஓரங்களில் சரிவாகப் போடப்படுகிறது. வலது ஓரத்தில் ஓடும்போது சரிவு வலப்பக்கம் இறங்குகிறது. இடது கால் மேட்டில் விழுகிறது. அதன் உள்பக்கம் பள்ளத்தைப் பார்த்து இருப்பதால் பாதம் உள்ளே சாய்ந்தே ஆக வேண்டும். வலது காலுக்கு நேர் எதிர், அது வெளிப்பக்கம் சாயும். திரும்பி வரும்போதும் நீங்கள் எதிர்வண்டியைப் பார்க்க வலது ஓரம்தான் பிடிக்கிறீர்கள், ஆகவே 6 கி.மீ.யும் இடது காலுக்கே அடி. கடற்கரையில் போய்த் திரும்பினால் கால் மாறும், இப்படி ரோட்டில் ஓடினால் மாறாது. பாதுகாப்பை விட்டுவிட்டு இடது ஓரத்துக்குப் போகச் சொல்லவில்லை. வாரத்தில் 2 நாளாவது சமதளமான பள்ளி மைதானத்தில், பாதித் தூரம் வலஞ்சுழியாகவும் பாதி இடஞ்சுழியாகவும் ஓடுங்கள்.

அடுத்து, ஒற்றைக்காலில் நின்று, சுவரில் விரல் நுனி மட்டும் வைத்து, குதிகாலை முழு உயரத்துக்குத் தூக்கி இறக்குங்கள். 20 தடவை வர வேண்டும். தூக்கும்போது தட்டைப் பாதத்தில் வளைவு தோன்றி, குதிகால் உள்நோக்கித் திரும்பினால் அது இளக்கமான தட்டைப் பாதம், ஷூவும் பயிற்சியும் போதும். தூக்கியும் வளைவு வரவில்லை, அல்லது உள்கணுக்காலுக்குப் பின்னால் வலித்துத் தூக்கவே முடியவில்லை என்றால் எலும்பு மருத்துவரிடம் காட்டிவிட்டுத்தான் ஷூக்கடை.

வலி நாலு விரற்கடை பரவியிருப்பது ஒருவகையில் ஆறுதல், எலும்பு உறையோரத்து இழுவை பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். ஒரே விரலால் தொட்டுக் காட்டும் புள்ளியாக வலித்தாலோ, ஒற்றைக்காலில் குதித்தால் சுளீர் என்றாலோ, இரவில் படுத்திருக்கும்போது வலித்தாலோ ஓட்டத்தை அன்றே நிறுத்துங்கள். எலும்பில் நுண்விரிசல் இருக்கலாம். முதல் 2, 3 வாரம் எக்ஸ்ரேயில் அது தெரியாமலும் போகும் என்பதால் ‘எக்ஸ்ரே நார்மல்’ என்ற ஒரு வரியை வைத்து மறுபடி ஓடக் கூடாது.

தட்டைப் பாதம் என்றாலே ஸ்டெபிலிட்டி ஷூ என்பது பழைய வாய்ப்பாடு. 2014-இல் வெளியான ஆய்வில், டென்மார்க்கில் 927 புது ஓட்டக்காரர்களுக்கு நியூட்ரல் ஷூ கொடுத்து ஓராண்டு கவனித்ததில், பாதம் உள்ளே சாய்பவர்களுக்குக் காயம் அதிகம் என்று தெரியவில்லை. 2016-இல் வெளியான, லக்ஸம்பர்க்கில் 372 பேரிடம் நடந்த ஆய்வில், உள்சாய்வு உள்ளவர்களுக்கு மட்டும் கட்டுப்படுத்தும் ஷூ காயத்தைக் குறைத்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், வீடியோவில் சாய்வு தெளிவாகத் தெரிந்து வலியும் இருப்பவருக்கு மிதமான ஆதரவு உதவும். மற்றவர்கள் காலுக்கு இதமானதை எடுக்கலாம். ஸ்டெபிலிட்டி ஷூவுக்குள் உயரமான ஆர்ச் இன்சோலையும் திணிக்காதீர்கள். பாதம் வெளியே தள்ளப்பட்டு, முழந்தாளின் வெளிப்பக்கம் புது வலி கிளம்பும்.

ஏர்வாடி_உப்புக்காத்து:
நல்ல ஷூ வாங்கி 3 மாசத்துல பாழாக்குறது எப்படின்னு நம்ம கரையில எல்லாருக்கும் தெரியும், அதனால இது.

முள்ளு. சீமைக்கருவேலமும் உடைமரமும் இல்லாத ரோட்டோரம் இங்க ஏது? எடை குறைக்கணும்னு நிறைய மாடல்ல அடியில நடுப்பகுதி ரப்பர் இல்லாம வெறும் ஃபோமா விட்டுருக்கான். முள்ளு அதுல ஏறி நுனி ஒடிஞ்சு உள்ளயே நின்னுக்கும். நடக்கும்போது தெரியாது, ஓடுனதும் ஃபோம் அமுங்கி உள்ளங்காலைக் குத்தும். இன்சோலை உருவிட்டு உள்ள விரலால தடவுங்க, தட்டுப்பட்டா அடிப்பாகத்தை வெளிப்பக்கமா வளைச்சு வாய் திறந்ததும் மூக்குக் குறடால இழுங்க. வாங்கும்போதே அடி முழுக்க ரப்பர் உள்ளதாப் பாருங்க.

மணலு. தனுஷ்கோடிக்கு முகுந்தராயர் சத்திரத்துலருந்து அரிச்சல்முனை வரை ஒன்பதரை கி.மீ. ரோடு, காத்தடிச்சா மணல் ஏறிக் கிடக்கும். இன்சோலுக்கு அடியில அது ஒரு பக்கமா ஒதுங்கிச்சுன்னா ஆப்பு வச்ச மாதிரி. எந்த ஸ்டெபிலிட்டியும் அப்புறம் வேலை செய்யாது. ஓடி முடிச்சதும் இன்சோலை எடுத்துத் தட்டிருங்க.

கடல் தண்ணி பட்டா நல்ல தண்ணியில அலசி, பழைய பேப்பரைச் சுருட்டி உள்ள திணிச்சு, அரைமணி கழிச்சுப் பேப்பரை மாத்தி, நிழல்ல ஃபேன் காத்துல போடுங்க. மொட்டைமாடி வெயில்லயோ கார் டிக்கியிலயோ போட்டா பசை விட்டுரும், ஃபோம் சுருங்கும்.

கரையில ஓடணும்னா ஈரமணல் கெட்டியா இருக்குற பட்டையில மட்டும். வடகடலோரம் அரியமான் பக்கம் வாடைக்காலத்துல அலை ஏறி அந்தப் பட்டை குறுகிரும். அப்ப தென்கடல் பக்கம் அமைதியா இருக்கும், அங்க போங்க. ஆடி, ஆவணியில அப்படியே மாத்திக்கங்க.

மண்டபம்_6கிமீ:
மூவருக்கும் நன்றி. குதிகால் தூக்கல் வலது 19, இடது 11. தூக்கும்போது வளைவு வருகிறது, வலி இல்லை. வீடியோவில் இடது கோடு நன்றாகவே சாய்கிறது, வலது நேராக. குதித்தால் வலியில்லை. மதுரையில் ஜிடி-1000, கைடு 17 இரண்டும் போட்டுப் பார்த்தேன். கைடு இதமாக இருக்கிறது, ஆனால் குதிகால் லேசாக வழுக்குகிறது. பழைய ஷூவின் டிராப் (குதிகால் பக்க உயரத்துக்கும் முன்பாத உயரத்துக்கும் உள்ள வித்தியாசம்) 10 மி.மீ.

பாம்பன்_லேஸ்:
கைடையே எடுங்க. டிராப் 6 மி.மீ.தான், அதனால கெண்டைக்கால் முதல்ல இழுக்கும். முதல் வாரம் 2 கி.மீ., அடுத்த வாரம் 3, நாலாவது வாரம்தான் பழைய தூரம். இடது கால் குதிகால் தூக்கல் தினம் 12 வீதம் 3 செட், மெதுவா இறக்கணும். வழுக்கலுக்கு லேஸ் முடிச்சு போதும்: மேல கடைசில ஒட்டி ரெண்டு ஓட்டை இருக்கும்ல, லேஸை அதே பக்கத்துக் கடைசி ஓட்டைக்குள்ள விட்டு ஒரு சின்ன வளையம் விடுங்க, ரெண்டு பக்கமும். இந்தப் பக்க லேஸ் நுனியை அந்தப் பக்க வளையத்துக்குள்ள கோத்து, கீழ்நோக்கி இழுத்து, அப்புறம் முடிச்சு. குதிகாலைத் தரையில தட்டி பின்னால ஒட்ட வச்சுட்டு இழுக்கணும். மேல இழுத்தா இறுகாது.