அத்தையைப் பற்றி எழுதும்போது வலிப்பைச் சொல்லலாமா?

கேள்வி: கரிசல்மண்

வணக்கம். என் அத்தைக்கு (அப்பாவின் தங்கை) வருகிற ஐப்பசியில் முதல் திதி. அன்று எல்லோரும் கூடியிருக்கும்போது வாசிக்க, அவரைப் பற்றி நாலு பக்கம் எழுதும் வேலையை என்னிடம் விட்டிருக்கிறார்கள். எழுத எழுத ஓரிடத்தில் வந்து நிற்கிறது. அதற்காகத்தான் இங்கே கேட்கிறேன்.

அத்தைக்கு 11 வயதிலிருந்தே வலிப்பு. 1974இல், கோவில்பட்டிப் பக்கம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் காலைப் பிரார்த்தனையின்போது விழுந்ததுதான் முதல் தடவை என்பார்கள். கையில் இரும்புச் சாவியைத் திணித்தார்கள், செருப்பை மூக்கருகில் பிடித்தார்கள், தாயத்து கட்டினார்கள். மற்ற பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்று சொல்லிவிட்டதால் ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. இரண்டு வருஷம் கழித்துத்தான் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் மருந்து ஆரம்பித்தார்கள். முதலில் கார்டினால். பகலெல்லாம் கண்ணைச் சொக்கும். அப்புறம் எப்டாயின். அதில் ஈறு தடித்துப் பல்லைப் பாதி மூடிவிட்டது. சிரிப்பு வந்தால் அத்தையின் இடது கை தானாக வாய்க்குப் போகும்.

தையல் படித்தார். வீட்டு முன்னறையிலேயே மெஷின் போட்டு, அக்கம்பக்கத்துப் பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். எல்லோரும் மெஷினுக்கு மோட்டார் வைத்த காலத்திலும் அவர் வைக்கவில்லை. 'எனக்கு வந்துட்டா மோட்டார் நிக்காதுடா, ஊசி விரல்ல ஏறிரும். மிதிமெஷின்னா கால் நின்னா அதுவும் நின்னுரும்' என்பார். உள்பாவாடையில் அவரே தைத்துக்கொண்ட ஒரு பை இருக்கும். அதில் ரெண்டு மாத்திரையும், பெயர், ஊர், மருந்து எழுதிய ஒரு சீட்டும். வெள்ளிக்கிழமை கோவிலுக்குப் போனாலும் அந்தப் பை இல்லாமல் போகமாட்டார்.

அளவு வெட்டும் பிரவுன் தாளில் கொட்டை எழுத்தில் எழுதி, மெஷினுக்கு எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்தார்: 'கத்திரியை எடுத்து மாற்றி வை. கையைக் காலைப் பிடிக்காதே. வாயில் எதையும் வைக்காதே. துடிப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வை. கடிகாரத்தைப் பார். ஐந்து நிமிஷம் தாண்டினால் ஆட்டோ. சேலையைச் சரிபண்ணு.' புதிதாகச் சேரும் பெண் பாபினில் நூல் சுற்றக் கற்பதற்கு முன் இதை ஒருமுறை சத்தமாக வாசிக்க வேண்டும். மயக்கம் தெளிந்ததும் அத்தை கேட்கும் முதல் கேள்வி, 'எத்தன நிமிஷம்ட்டி?'

அந்தக் கணக்கையெல்லாம் காலண்டரில் ஏற்றியிருக்கிறார். இது எங்களுக்கு அவர் போன பிறகுதான் தெரியும். பரணில் சுருட்டிக் கட்டிய மாதக் காலண்டர்கள், 1983இலிருந்து. வலிப்பு வந்த தேதிக்குச் சிவப்பு வட்டம், பக்கத்தில் நிமிஷம். 1986இல் 14 வட்டம். 1997இல் 3. 2009க்குப் பிறகு பதினோரு வருஷம் ஒன்றுகூட இல்லை. 2020 ஏப்ரலில் ரெண்டு, ஊரடங்கில் மாத்திரை கிடைக்காமல் போன வாரம். பொங்கல் அன்று வந்த வட்டத்தின் பக்கத்தில், '3 நிமிஷம். பானை பொங்கினதைப் பார்க்கலை' என்று எழுதியிருக்கிறார். அதைப் பார்த்தபின் அன்று என்னால் வேறு எதையும் எடுத்துப் பார்க்க முடியவில்லை.

1985இல் ஒரு வரன் கூடி வந்தது. மாத்திரை விஷயத்தில் வாயைத் திறக்காதே என்று தாத்தா சொல்லியிருந்தார். பூ வைக்க வந்தவர்களுக்குக் காபி கொடுத்துவிட்டு அத்தையே சொல்லிவிட்டார்: 'எனக்கு ஃபிட்ஸ் வரும். தெனம் ராத்திரி மாத்திரை போடுறேன். தெரிஞ்சிக்கிட்டு முடிவு பண்ணுங்க.' வந்தவர்கள் தட்டை எடுத்துக்கொண்டு போனார்கள். அதன்பிறகு கல்யாணப் பேச்சே இல்லை. போன வருஷம் 61 வயதில், மாரடைப்பில் போனார்.

இப்போது பெரியப்பா, 'வலிப்பு பத்தி ஒரு வரிகூட வரக்கூடாது' என்கிறார். என் அக்கா மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறோம். சரி, அவர் பயம் புரிகிறது. ஆனால் அதை எடுத்துவிட்டு எழுதினால் அது யாரோ ஒரு தையல்காரம்மாவாக இருக்கிறது, அத்தையாக இல்லை. என்ன செய்யட்டும்?

பதில் 1: மருந்துச்சீட்டு

தம்பி, நான் 22 வருஷமாக மருந்துக்கடையில் இருக்கிறேன். வலிப்பு மாத்திரை வாங்க வருகிறவர்களில் பலர் அட்டையைப் பிரித்துக் காகிதத்தில் மடித்துத் தரச் சொல்வார்கள். வீட்டில் மாமியாருக்குத் தெரியாது, ஹாஸ்டலில் தெரியாது. தெரிந்துவிடும் என்று பயந்து ஒருவேளை மாத்திரையை விடுவார்கள். அடுத்த நாளே வலிப்பு வந்தாலும் வரும். உங்கள் அத்தையின் 2020 ஏப்ரல் அதைத்தான் சொல்கிறது.

பரம்பரை என்ற பேச்சுக்கு உங்கள் பெரியப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். சில வகை வலிப்பு குடும்பத்தில் வரும், உண்மை. ஆனால் தலையில் அடி, பிரசவத்தில் குழந்தைக்கு மூச்சுத் திணறல், மூளைக் காய்ச்சல், நாடாப்புழுவின் முட்டை வயிற்றுக்குள் போய் மூளையில் கட்டியாவது என்று எத்தனையோ காரணம் இருக்கிறது. பாட்டி முறையில் ஒருவருக்கு இருந்தது என்பதற்காக அந்தப் பெண்ணுக்கு வரும் என்று எந்த டாக்டரும் சொல்லமாட்டார். சரியான மருந்தைச் சரியாகச் சாப்பிட்டால் பத்தில் ஏழு பேர் வரை வலிப்பே இல்லாமல் இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எழுதுங்கள். அந்தப் பிரவுன் தாளை அப்படியே எழுதுங்கள்.

பதில் 2: வைப்பாறு

எனக்கு அவ்வளவு சுலபமாகத் தோன்றவில்லை. என் தம்பிக்கும் வலிப்பு இருந்தது. கண்மாயில் குளிக்கப் போனவன் திரும்பவில்லை. அவனைப் பற்றி ஊரில் நான் வெளிப்படையாகப் பேசியதில் என் தங்கைக்கு ரெண்டு வரன் தட்டிப்போனது. அவள் என்னிடம் நாலு வருஷம் பேசவில்லை. நீங்கள் எழுதுவது நியாயம்தான். ஆனால் அதன் விலையைக் கொடுக்கப்போவது நீங்கள் இல்லையே. பெரியப்பாவையும் எங்களையும் கேட்கிறீர்கள். அந்தப் பெண்ணைக் கேட்டீர்களா?

பதில் 3: செவ்வந்தி

நான் சேலத்தில் ஆசிரியை. எனக்கும் வலிப்பு உண்டு, லெவெடிரசெட்டாம் சாப்பிடுகிறேன். கல்யாணத்துக்கு முன்பே சொன்னேன். மூன்று பேர் போனார்கள், நாலாவது ஆள் 'எனக்கு ஆஸ்துமா இருக்கு, உங்களுக்குப் பரவாயில்லையா?' என்று திருப்பிக் கேட்டார். பத்து வருஷம் ஆகிறது.

உங்கள் அத்தை சொன்ன வருஷத்தைப் பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. 1976இல் இந்துத் திருமணச் சட்டத்தைத் திருத்தியபோது, திரும்பத் திரும்ப வலிப்பு வருகிறவரைப் பைத்தியத்தோடு ஒரே வரியில் சேர்த்து, கல்யாணத்துக்குத் தகுதியில்லாதவர் என்று வைத்தார்கள். அப்படி நடந்த கல்யாணத்தைக் கோர்ட்டில் ரத்து செய்யலாம். 1999இல்தான் 'வலிப்பு' என்ற சொல்லை எடுத்தார்கள். அதாவது 1985இல் அந்த அம்மா காபி டம்ளரோடு நின்று பேசியபோது சட்டமும் அவருக்கு எதிராக நின்றது. அது அவருக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ. அவர் வாயைத் திறந்தாரே!

மீண்டும்: கரிசல்மண்

எல்லோருக்கும் நன்றி. வைப்பாறு அண்ணன் கேட்டது சுருக்கென்று தைத்தது. நான் கேட்கவே இல்லை.

நேற்று அக்கா மகளுக்குப் போன் போட்டேன். முழுக்கக் கேட்டுவிட்டு, 'மாமா, பாட்டிக்கு வந்தப்போ ரெண்டு தடவ சேலையைச் சரிபண்ணது நான்தான். கடிகாரம் பார்த்ததும் நான்தான். அத எழுதாட்டா நானும் அங்க இல்லேன்னு ஆயிரும்ல' என்றாள். வருகிற மாப்பிள்ளை வீட்டுக்கும் அவளே சொல்லிக்கொள்வதாகச் சொன்னாள். பிரவுன் தாளும் அவளிடம்தான் இருக்கிறதாம், தையல் அறையைக் காலி செய்தபோது கிழியாமல் உரித்து வைத்திருக்கிறாள்.

சாயங்காலம் எழுதியதைப் பெரியப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். ரொம்ப நேரம் ஆனது. நான் திட்டு வாங்கத் தயாராக உட்கார்ந்திருந்தேன்.

'இது தப்பு' என்று முதல் பக்கத்தில் விரலை வைத்தார். 'பள்ளிக்கூடத்துல வந்தது முதல் தடவ இல்ல. அதுக்கு முந்தின வாரம் கிணத்தடியில விழுந்தா. நான் மட்டும்தான் பாத்தேன். எனக்கு அப்ப பதினாறு வயசு. பயந்து யாருகிட்டயும் சொல்லல.'

கொஞ்ச நேரம் பேசவில்லை. அதையும் சேர்க்கட்டுமா பெரியப்பா என்றேன்.

'சேரு. என் பேரப் போட்டே எழுது.'