புதுப்பிப்பு: ஒரே கேபினில் நாலு பெரியவர்கள், போய் வந்துவிட்டோம்

கப்பலில் அம்மா, அத்தை, மைனி, நான் நாலு பேரும் ஜன்னல் இல்லாத ஒரே கேபினில் தங்க முடியுமா என்று இங்கே கேட்டிருந்தேன். பாளையங்கோட்டை திரும்பியாச்சு. தாராளமாக முடியும்.

கீழே இரண்டு கட்டில், மேலே மடக்கி இறக்கும் கட்டில் இரண்டு. நெல்லை எக்ஸ்பிரஸில் அப்பர் பெர்த் ஏறிப் பழகியவர்களுக்கு அந்த ஏணி பெரிய விஷயமில்லை. மைனியும் நானும் மேலே படுத்தோம். முழங்கால் வலி உள்ளவர்களுக்குக் கீழ்க் கட்டில் என்று முன்பே பேசிவிடுங்கள்.

காந்தக் கொக்கி வாங்கச் சொன்னவருக்கு ரொம்ப நன்றி! சுவர் இரும்புத் தகடு என்பதால் பை, துண்டு எல்லாம் அதிலேயே தொங்கின. பெட்டிகள் கட்டிலுக்கு அடியில். விளக்கை அணைத்தால் கும்மிருட்டு, சின்ன இரவு விளக்கு அவசியம்.

உண்மையான நெருக்கடி குளியலறைதான். அத்தை விடியுமுன்பே குளித்துவிடுவார்கள், அப்புறம் அம்மா. மைனியும் நானும் ராத்திரிக் குளியலுக்கு மாறினோம். ஒருவர் சேலை மாற்றும்போது மற்றவர்கள் மேல்தளத்தில் காற்று வாங்கினோம்.

அடுத்த முறை சித்தியும் வருகிறார்கள். நாலு கட்டில் கேபினில் ஐந்தாவது ஆளைச் சேர்க்க விடமாட்டார்கள். அதனால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கேபின் பார்க்கிறோம்.